காரி பாவ்லியில் வாங்கிய மரமஞ்சள்

எங்கள் வீட்டுச் சமையலறையின் மேல்தட்டில் ஒரு காகிதப் பொட்டலம் நெடுநாட்களாகக் கிடந்தது. அதனுள் மஞ்சள் நிற மரச்சீவல்கள் ஏறத்தாழ நூறு கிராம் இருந்தன. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டை ஒழுங்கு செய்யும்போதெல்லாம் என் மனைவி அதைக் கையில் எடுப்பாள். என் முகத்தைப் பார்ப்பாள். மீண்டும் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள். எறிந்துவிட மனம் வரவில்லை. பயன்படுத்தத் துணிவும் வரவில்லை. அப்பொட்டலத்தின் வரலாற்றை இம்மலரில் எழுதலாம் என்று துணிந்தேன். நான் அறிவியல் பயின்றவன் அல்லேன். வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளுக்கிடையே இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காலங்கழிக்கும் எழுத்தன். ஆதலால், வேதியியல் குறித்துக் கீழே வருவனவெல்லாம் என் அக்காள் மகள் எடுத்துச் சொல்ல, நான் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெளிந்தவை. அவளுடைய பொறுமைக்கு நான் கடன்பட்டவன்.

என் தாயார் தென்காசிக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அறுபத்தெட்டு வயதுவரை அவ்வூர் எல்லையை அதிகம் தாண்டாதவர். தந்தையார் மறைந்தபின் அவரைத் தனியே விட மனமின்றி, ராமகிருஷ்ணபுரத்தில் உள்ள எங்கள் அரசுக் குடியிருப்புக்கு அழைத்து வந்தேன். குற்றாலச் சாரலையே குளிர் என்று எண்ணியிருந்தவருக்குத் தில்லியின் தை மாதம் தண்டனையாகவே இருந்தது. 2023ஆம் ஆண்டு சனவரியில் அவர் பகல் முழுவதும் ஹீட்டரின் முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கால்களை நீட்டியவாறு அமர்ந்திருப்பார். பதினைந்து ஆண்டுகளாக அவருக்கு நீரிழிவு உண்டு. அந்நோய் நாட்பட்டால் பாதங்களில் உணர்ச்சி மங்கும் என்று நான் எங்கோ படித்திருந்தேன், படித்ததோடு சரி. ஹீட்டரின் சூடு அவருடைய வலக்கால் பெருவிரலையும் அடுத்த விரலையும் சுட்டுக் கொப்புளமாக்கியிருக்கிறது. அவர் அதை உணரவேயில்லை. நான்கு நாட்கள் கழித்து, துவைக்க எடுத்த காலுறையில் கறை படிந்திருந்ததை என் மனைவி கண்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

“இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா? மரமஞ்சள் கொஞ்சம் வாங்கிட்டு வாய்யா. உரசிப் போட்டா ஆறிப்போகும். ஊர்ல எத்தனை புண்ணை ஆத்தியிருக்கேன்!” என்றார் அம்மா.

நான் உடனே இசைந்தேன். தாய் சொல்லைத் தட்டாத தனயன் என்று என்னை எவரும் பாராட்ட வேண்டா. அப்பொழுது அலுவலகத்தில் நிதிநிலை அறிக்கைக்கான வேலைகள் குவிந்திருந்தன. விடுப்புக் கேட்டால் மேலாளரின் முகம் மாறும். மருத்துவமனை என்றால் ஒருநாள் வரிசையில் போகும். மரமஞ்சள் என்றால் சனிக்கிழமை ஒரு பிற்பகலோடு முடிந்துவிடும். அம்மாவின் நம்பிக்கை எனக்கு வசதியாக அமைந்தது.

தில்லியில் மூலிகை வேண்டுவோர் போகுமிடம் காரி பாவ்லி. சாந்தினி சௌக்கின் கோடியில், ஃபத்தேபுரி மசூதியை ஒட்டித் தொடங்கும் அந்தத் தெருவில் மிளகாய் நெடியால் தும்மாமல் நூறடி நடந்தவரை நான் கண்டதில்லை. அங்கே ‘மரமஞ்சள்’ என்று கேட்டால் யாருக்கு விளங்கும்? முந்தின நாளே அலுவலகத்தில், குமாவுன் மலைப்பகுதியிலிருந்து வந்த நண்பர் ஒருவரிடம் பொருளைச் சொல்லிப் பெயரைக் கேட்டு வைத்திருந்தேன். “தாருஹல்தி” என்றார் அவர். தாரு என்றால் மரம். ஹல்தி என்றால் மஞ்சள். இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு எங்கே கிடைக்கும் என்று அகமகிழ்ந்தேன். (பேச்சு இந்தியில் தாரு என்று மட்டும் கேட்டால் வேறு வகைக் கடைக்கு வழிகாட்டுவார்கள் என்பதைக் கடைப் பையனின் சிரிப்பிலிருந்து தெரிந்துகொண்டேன்.) கால் கிலோ வாங்கி வந்தேன். அம்மா ஒரு சீவலை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்; நாவில் வைத்துப் பார்த்தார். “கசப்பு சரியா இருக்கு, ஆனா நம்ம ஊர்க் கட்டை மாதிரி இல்லையே” என்றார். கேட்டும் கேளாதவனாய் இருந்துவிட்டேன்.

பதினொரு நாட்கள் அந்த மஞ்சள் விழுதைப் பூசினோம். பன்னிரண்டாம் நாள் காலையில் அம்மாவுக்குக் கடுங்காய்ச்சல், விரல்கள் கறுத்திருந்தன. மருத்துவமனையில் அறுவை மருத்துவர் விழுதைக் கழுவியெடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை எழுத எனக்குச் சொல் இல்லை. சீழில் இருந்த கிருமியை வளர்த்துப் பார்த்த அறிக்கை இரண்டு நாட்களில் வந்தது. மெதிசிலின் வகை மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருக்க, பலவற்றுக்கு எதிரே ‘ஆர்’ என்றும் சிலவற்றுக்கு எதிரே ‘எஸ்’ என்றும் குறித்திருந்தார்கள். ஆர் என்றால் கிருமி அம்மருந்துக்கு அடங்காது. எஸ் என்றால் அடங்கும். அடங்கும் மருந்தை நரம்பில் செலுத்தினார்கள். எனினும் இரண்டு விரல்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. அவ்வறிக்கையை நான் ஒரு கோப்பில் இட்டு வைத்தேன். எல்லாவற்றையும் கோப்பில் இடுவது எங்கள் குலவழக்கம்.

அவ்வாண்டு ஆகஸ்டில் என் அக்காள் மகள் ஆராய்ச்சிப் படிப்புக்காகத் தில்லிக்கு வந்து எங்களோடு தங்கினாள். மருந்துச் செடிகளில் பாக்டீரியாவை எதிர்க்கும் வேதிப்பொருள் எது என்று பிரித்தறிவது அவள் துறை. வந்த சில நாட்களிலேயே மேல்தட்டில் இருந்த பொட்டலம் அவள் கண்ணில் பட்டது.

“இது என்ன செடி, மாமா?”

“மரமஞ்சள்.”

“அது பேரு. செடி எது?”

இந்த வேறுபாட்டை நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. அவள் விளக்கினாள். ஆராய்ச்சியில் முதற்படி சாறு பிழிவதன்று. செடி இன்னதென்று உறுதி செய்வது. இலையும் பூவும் உள்ள கிளையை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, பறித்த இடமும் நாளும் குறித்து, உலர்தாவரச் சேமிப்பகம் ஒன்றில் ஒப்படைத்து எண் பெறவேண்டும். பிற்காலத்தில் எவர் ஐயுற்றாலும் அந்தத் தாளை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். எண்ணில்லாத செடியைப் பற்றி எழுதும் கட்டுரை, பதிவெண் இல்லாத கடிதத்தைப் போன்றது. இது எனக்கு உடனே விளங்கிற்று. எங்கள் அலுவலகத்தில் பதிவெண் இல்லாத கடிதம் வந்ததாகவே கருதப்படுவதில்லை.

அவளுடைய வழிகாட்டியின் இசைவோடு, பழகு பயிற்சியாக இருக்கட்டும் என்று, பொட்டலத்தில் ஒரு பகுதியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனாள். இலையும் பூவும் இல்லாத சீவலை அடையாளம் காண்பது எளிதன்று. தாவரவியல் அறிந்த மூத்தவர் ஒருவர் கட்டையை மெல்லிய தகடாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்ன முடிவு என்னைத் திடுக்கிட வைத்தது. அம்மா ‘மரமஞ்சள்’ என்று அறிந்தது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளிலும் இலங்கையிலும் மரங்களைப் பற்றி ஏறும் பெருங்கொடி. காசினியம் ஃபெனஸ்ட்ரேட்டம் என்பது அதன் தாவரவியற் பெயர். நமக்குத் தெரிந்த சீந்திலின் குடும்பத்தைச் சேர்ந்தது. நான் காரி பாவ்லியில் வாங்கியதோ பெர்பெரிஸ் அரிஸ்டேட்டா என்னும் இமயமலை முட்புதர். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தாருஹல்தி கேட்டேன், தாருஹல்தி கொடுத்தார். அலுவலக நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. “எங்கள் ஊரில் அதைக் கில்மோரா என்போம். பள்ளிவிட்டு வரும்போது அதன் பழத்தைத் தின்று நாக்கெல்லாம் கருநீலமாகிவிடும்” என்றார். எனக்கு மருந்துக் கடைச் சரக்காக இருந்தது அவருக்குப் பிள்ளைப் பருவமாக இருந்திருக்கிறது.

செடி வேறாயினும் மஞ்சள் ஒன்றே என்பதுதான் வியப்பு. கொடியிலும் புதரிலும் உள்ள மஞ்சள் நிறத்துக்கும் கசப்புக்கும் காரணம் பெரும்பாலும் பெர்பெரின் என்ற ஒரே வேதிப்பொருள். தெற்கே ஒரு கொடியிலும் வடக்கே ஒரு புதரிலும், ஒருவரையொருவர் அறியாத மக்கள் ஒரே நிறத்தையும் ஒரே கசப்பையும் தேடிக் கண்டு, மரத்தில் உள்ள மஞ்சள் என்ற ஒரே பொருள்பட இரண்டு மொழிகளில் பெயரிட்டிருக்கிறார்கள். ஆகவே சாற்றில் பெர்பெரின் இருக்கிறது என்ற ஒன்றைக் கொண்டு செடியைத் தீர்மானிக்க இயலாது. செடியைத் தெரியாமல் பெர்பெரினோடு வேறென்ன கலந்திருக்கிறது என்பதையும் தீர்மானிக்க இயலாது.

ஒரு சனிக்கிழமை ஆய்வகத்தைக் காணச் சென்றேன். சீவலைப் பொடியாக்கி, மெத்தனாலில் ஊறவைத்து, வடித்து, குறைந்த அழுத்தத்தில் மெத்தனாலை நீக்கியபின் எஞ்சும் பசை ஒரு சிறு குப்பியில் இருந்தது. அதைச் சோதிக்கும் முறை இது. மூலர்-ஹிண்டன் அகார் என்னும் கூழைத் தட்டில் ஊற்றி உறையவிட்டு, அதன்மேல் பாக்டீரியாவைச் சீராகப் பரப்புகிறார்கள். எவ்வளவு பரப்புவது என்பதற்கும் அளவுண்டு. பாக்டீரியாக் கரைசலின் கலங்கலை ஒரு திட்டமான கலங்கலோடு ஒப்பிட்டுச் சரிசெய்கிறார்கள். பிறகு 6 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டக் காகிதத் துண்டுகளில் சாற்றை நனைத்து, உலர்த்தி, தட்டின்மேல் வைத்து, மனித உடலின் சூட்டில் ஓர் இரவு விடுகிறார்கள். காலையில் தட்டு முழுதும் பாக்டீரியா வெண்படலமாக வளர்ந்திருக்கும். சாறு வேலை செய்திருந்தால் காகிதத்தைச் சுற்றி மட்டும் ஒரு தெளிந்த வட்டம் இருக்கும்.

மூடி ஒட்டப்பட்ட தட்டை அவள் எனக்குக் காட்டினாள். மூன்று காகிதங்கள். ஒன்றில் நம் சாறு. ஒன்றில் வெறும் மெத்தனால் தோய்த்து உலர்த்தியது. ஒன்றில் அறிந்த மருந்து. வெறுங்காகிதத்தைச் சுற்றி ஒன்றுமில்லை. சாற்றைச் சுற்றித் தெளிந்த வட்டம் ஒன்று இருந்தது. அளந்தாள்: 13 மில்லிமீட்டர்.

“அப்படியானால் அம்மா சொன்னது சரிதானே!” என்று என்னை அறியாமல் உரக்கச் சொல்லிவிட்டேன். பக்கத்து மேசை மாணவர் திரும்பிப் பார்த்தார்.

“மாமா, அதுல 6 மில்லிமீட்டர் காகிதம்” என்றாள் அவள்.

மருந்தின் வட்டம் 27 மில்லிமீட்டர். அதுவும் பெரிதன்று, அக்காகிதத்தில் இருந்த மருந்து 30 மைக்ரோகிராம், நம் காகிதத்தில் இருந்த சாறோ 1 மில்லிகிராம். முப்பது மடங்குக்கு மேல் எடை வைத்தும் பாதி வட்டந்தான். மேலும், வட்டத்தின் அகலம் மருந்தின் வலிமையை மட்டும் காட்டுவதன்று. கூழில் அது எவ்வளவு எளிதாகப் பரவும் என்பதையும் காட்டுகிறது. நன்றாகக் கொல்லும் பொருள் பரவாமல் நின்று சிறு வட்டம் தரலாம். வலிவற்ற பொருள் விரைந்து பரவிப் பெரிய வட்டம் தரலாம். வட்டத்தை அளந்து நாளிதழுக்குச் செய்தி கொடுப்பவர்களை நினைத்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

எனவே அடுத்த சோதனை, 96 குழிகள் கொண்ட தகட்டில். முதற்குழியிலிருந்து ஒவ்வொன்றிலும் சாற்றைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், எந்தக் குழிவரை பாக்டீரியா வளராமல் நீர் தெளிவாக இருக்கிறது என்று பார்ப்பது. நம் சாற்றுக்கு அந்த எல்லை ஒரு மில்லிலிட்டருக்கு 500 மைக்ரோகிராம். நல்ல ஆண்டிபயாடிக் என்றால், அடங்கும் பாக்டீரியாவை ஒன்றிரண்டு மைக்ரோகிராமிலோ அதற்கும் குறைவாகவோ தடுத்துவிடும். அதோடு நில்லாமல், தெளிவாக இருந்த குழியிலிருந்து ஒரு துளி எடுத்துப் புதுக்கூழில் இட்டாள். மறுநாள் அங்கே பாக்டீரியா மீண்டும் வளர்ந்திருந்தது. சாறு அவற்றைக் கொல்லவில்லை. இருந்த இடத்தில் நிறுத்தி வைத்திருந்தது.

ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். தட்டில் இருந்தது ஆய்வகங்களில் வழிவழியாக வளர்க்கப்படும் சாதுவான வகை. “ஆச்சி கால்ல இருந்தது இது இல்ல” என்றாள் அவள். நான் கோப்பிலிருந்து மருத்துவமனை அறிக்கையை எடுத்துக் காட்டினேன். அதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். அந்த ஆர்களும் எஸ்களும் இதே போன்ற காகித வட்டங்களாலோ குழிகளாலோ எழுதப்பட்டவை என்பது அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது. ஒரே சோதனை இலையில் மருந்தைத் தேடவும் பயன்படுகிறது. மருந்து தோற்றுவிட்டதை அறிவிக்கவும் பயன்படுகிறது.

தோற்கும் மருந்துகளின் பட்டியல் நீள்கிறது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 இலட்சம் பேர் இறந்தனர் என்று 2022இல் வெளிவந்த மதிப்பீடு ஒன்று கூறுகிறது. நம் தலைநகரின் பெயரையே தாங்கிய ஒரு நொதியும் இதில் உண்டு. புதுதில்லியில் மருத்துவமனையில் இருந்து சென்ற ஒரு நோயாளியிடம் 2008இல் காணப்பட்ட பாக்டீரியாவிலிருந்து கண்டறியப்பட்டதால் ‘புதுதில்லி மெட்டாலோ பீட்டா-லாக்டமேஸ்’ என்று 2009இல் பெயர் வைத்தார்கள். பெயரைப் பற்றி அப்போது எழுந்த சினம் நியாயமானதே. ஆனால் பெயரின்மேல் எழுந்த சினத்தில் பாதியேனும் மருந்துச்சீட்டு இல்லாமல் ஆண்டிபயாடிக் வாங்குவதன்மேல் எழுந்திருக்கலாம். நானும் அப்படி வாங்கியவன்தான்.

இந்நிலையில்தான் உலகெங்கும் பலர் செடிகளை நாடுகின்றனர். வியப்பு என்னவென்றால், உள்ளுக்குக் கொடுக்கப்படும் ஆண்டிபயாடிக்குகளில் பெரும்பாலானவை பூஞ்சையிலிருந்தும் மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்தும் வந்தவை. 1928இல் கண்ட பென்சிலின் பூஞ்சையின் கொடை; 1943இல் பிரித்த ஸ்ட்ரெப்டோமைசின் மண்ணின் கொடை. பூக்கும் தாவரம் எதுவும் அவற்றோடு ஒப்பத்தக்க ஒன்றை இன்னும் தரவில்லை. வேறு நோய்களுக்குத் தராமலில்லை. அதற்கு நம் தில்லியிலேயே சான்றுண்டு.

கரோல் பாகில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் திப்பியாக் கல்லூரியின் வாயிலை எத்தனை முறை கடந்திருப்பார்கள்! ஹகீம் அஜ்மல் கானின் முயற்சியால் உருவாகி, 1921இல் காந்தியடிகளால் திறந்து வைக்கப்பட்டது அது. அங்கே ஆராய்ச்சி செய்த சலீமுஸ்ஸமான் சித்திகி, சர்ப்பகந்தா வேரிலிருந்து 1931இல் ஒரு பொருளைப் பிரித்து, ஹகீமின் நினைவாக ‘அஜ்மலின்’ என்று பெயரிட்டார். இதயத் துடிப்பின் ஒழுங்கீனத்துக்கு அது பின்னாளில் மருந்தாயிற்று. அவரே 1942இல் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலான பொருள்களைப் பிரித்தார். 1951இல் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தார். ஒரு நகரத்தை விட்டுப் போனவர் அங்கே விட்டுச் சென்றது என்ன என்று எண்ணும்போது, வந்தேறியான எனக்கு அவர்மேல் ஒரு தனிப்பற்று உண்டாகிறது. என் பாதை விலகிவிட்டது; பொட்டலத்துக்குத் திரும்புகிறேன்.

சாறு என்பது நூற்றுக்கணக்கான பொருள்களின் கலவை. அவற்றுள் பாக்டீரியாவைத் தடுத்தது எது? கண்ணாடிக் குழாயில் சிலிக்காத் தூளை நிரப்பி, மேலே சாற்றை இட்டு, கரைப்பான்களை ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றினால், கலவை பிரிந்து வெவ்வேறு நேரத்தில் கீழே சொட்டும். ஒவ்வொரு பங்கையும் தனிக்குழாயில் பிடித்து, ஒவ்வொன்றையும் பாக்டீரியாவின்மேல் சோதித்து, வேலை செய்யும் பங்கை மட்டும் மீண்டும் பிரிப்பது. மாதக்கணக்கான வேலை. பலமுறை, பிரிக்கப் பிரிக்க ஆற்றல் காணாமலே போய்விடுமாம். இதைவிடக் கண்ணுக்கு இனியது இன்னொரு முறை. சிலிக்கா பூசிய தகட்டில் சாற்றைப் பொட்டாக வைத்து, கரைப்பானை மேலேறச் செய்தால் பொருள்கள் தனித்தனிப் பொட்டுகளாகப் பிரிந்து நிற்கும். அத்தகட்டின்மேல் பாக்டீரியா கலந்த கூழை மெல்லியதாக ஊற்றி வளர்த்து, உயிருள்ள பாக்டீரியா பட்டால் ஊதாவாக மாறும் ஓர் உப்பைத் தெளிக்கிறார்கள். தகடு முழுதும் ஊதா நிறம். பாக்டீரியா வளராத இடம் மட்டும் வெண்பொட்டு. எந்தப் பொட்டு குற்றவாளி என்று கிருமியே கைநீட்டிக் காட்டிவிடுகிறது.

நம் சாற்றின் தகட்டைப் புறஊதா விளக்கின்கீழ் வைத்தபோது ஒரு பொட்டு பளீரென்று மஞ்சளாய் ஒளிர்ந்தது. வெண்பொட்டும் அதே உயரத்தில் இருந்தது. மூலக்கூறின் நிறையை அளக்கும் கருவி 336 என்று காட்டிற்று. பெர்பெரின்! நான் வெற்றி என்று நினைத்தேன். அவள் கொட்டாவி விட்டாள். இரண்டு நூற்றாண்டுகளாக அறிந்த பொருளை மீண்டும் காண்பது கண்டுபிடிப்பாகாது. இப்படிப் பழைய முகங்களை முதலிலேயே அடையாளம் கண்டு ஒதுக்குவதும் இத்துறையில் ஒரு கலையாம்.

ஆயினும் அவள் சொன்ன மற்றொரு செய்தி என்னை உறங்கவிடவில்லை. பெர்பெரின் ஏன் இவ்வளவு வலிவற்றது? பாக்டீரியாவினுள் அது நுழையாமலில்லை. நுழைந்ததும் பாக்டீரியாவின் சவ்வில் உள்ள ஒரு வெளியேற்றும் பொறி அதைப் பிடித்து வெளியே தள்ளிவிடுகிறது. மனுவோடு உள்ளே வருபவரை இருக்கையில் அமருமுன்பே வாயிலுக்கு அனுப்பிவிடும் அலுவலகங்களை நான் அறிவேன். 2000ஆம் ஆண்டில் ஃபிராங்க் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் ஆகியோர் அமெரிக்காவில் வளரும் பெர்பெரிஸ் இனம் ஒன்றை ஆராய்ந்து ஒன்றைக் கண்டனர். அச்செடியே, பெர்பெரினோடு, அந்தப் பொறியை முடக்கும் இன்னொரு பொருளையும் ஆக்குகிறது. அப்பொருள் தனியே எந்தப் பாக்டீரியாவையும் தடுப்பதில்லை; பெர்பெரினோடு சேர்ந்தால் பெர்பெரினின் வலிமை பல மடங்கு பெருகுகிறது. குழாயில் பிரித்துக்கொண்டே போகும் ஆய்வாளர், வேலை செய்யாத பங்கு என்று முதலில் கொட்டிவிடுவது இதைத்தான். அதன் பெயரிலோ நமக்கு ஓர் உறவு இருக்கிறது. 5'-மெத்தாக்ஸிஹைட்னோகார்பின் என்ற அப்பொருள், தொழுநோய்க்குப் பயன்பட்ட ஹைட்னோகார்பஸ் விதையில், அதாவது நம் நாட்டு நீரடிமுத்தில், முன்பே காணப்பட்டிருந்தது.

கண்டு கால் நூற்றாண்டு ஆகியும் அவ்விணை மருந்துக்கடைக்கு வந்துவிடவில்லை. தட்டிலிருந்து உடம்புக்கு உள்ள தொலைவு அத்தகையது. பெர்பெரினைத் தின்றால் குடல் அதில் மிகச் சிறிதளவையே உள்ளே விடுகிறது. புண்ணின்மேல் பூசினாலோ, அம்மாவின் காலில் இருந்ததைப் போன்ற செத்த சதையும் இரத்த ஓட்டமற்ற விரலும் எந்தப் பூச்சையும் உள்ளே விடுவதில்லை.

இவற்றையெல்லாம் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று பல நாட்கள் தயங்கினேன். கடைசியில் பேத்தியே ஒருநாள் மாலை, அம்மாவின் பாதத்தை மடியில் வைத்து வழக்கம்போல் விரலிடுக்குகளைப் பார்த்துக்கொண்டே, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அம்மா கூர்ந்து கேட்டார்.

“அப்ப நான் பூசினது தப்பா?”

“செடி தப்பில்ல ஆச்சி. உங்க கால்ல இருந்ததுக்கு அது எட்டாது, அவ்வளவுதான்.”

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு அவளைப் பார்த்தே சொன்னார், என்னைப் பார்க்கவில்லை. “மூணு நாள்ல காயலேன்னா நம்ம ஊர்லயே மரமஞ்சளை நிறுத்திட்டு, வண்டி கட்டித் தென்காசி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவோம். எங்க ஆத்தா காலத்துலயே அதுதான் வழக்கம். எனக்கும் நாலாம் நாளே தெரிஞ்சுது. உங்க மாமனுக்கு ஆபீஸ்ல லீவு கிடையாதுன்னு நான்தான் சொல்லல.”

நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். அப்பொட்டலத்தைப் பழி சுமத்த வைத்திருந்தேன் என்பது அன்று எனக்குத் தெரிந்தது. எஞ்சிய சீவல்களைப் பேத்தி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், எண்ணிட்ட கண்ணாடிக் குப்பியில் வைத்துவிட்டாள்.

இப்போது அவள் ஊர்ப்பக்கத்துக் கொடியையே ஆராய விரும்புகிறாள். மரமஞ்சள் மெல்ல வளர்வது. ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. கட்டைக்காகவே வெட்டப்படுவதால் காடுகளில் அருகிப்போயிற்று. நினைத்தவர் நினைத்தபடி வெட்டிவர இயலாது. வனத்துறையின் இசைவு வேண்டும். விண்ணப்பம் எழுதுவது மட்டும் இவ்வீட்டில் எனக்குத் தெரிந்த தொழில். சென்ற ஞாயிறு அதை எழுத அமர்ந்தேன். எவ்வளவு வேண்டும், எதற்கு வேண்டும், கொடியை வேரோடு வெட்டாமல் சிறு கிளை மட்டும் எடுக்கப்படும் என்பன எல்லாம் எழுதியாயிற்று. அடையாளம் என்ற பத்தியில் தாவரவியல் நூலைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, ஹீட்டருக்கு ஆறடி தள்ளி, கனத்த காலுறையோடு அமர்ந்திருந்த அம்மா கேட்டார்.

“என்னய்யா எழுதற?”

சொன்னேன்.

“இலை நெஞ்சு மாதிரி அகலமா இருக்கும்னு எழுது. மேல பச்சை, திருப்பிப் பாத்தா அடிப்புறம் வெள்ளையா, பூனை வயிறு மாதிரி மெத்துனு இருக்கும். கொடியைக் கீறினா உடனே மஞ்சள் தெரியும்.”

பேத்தி நூலில் விரல் வைத்துத் தேடினாள். இலையின் அடிப்புறம் வெண்ணிற மென்மயிர் அடர்ந்தது என்று அங்கும் இருந்தது. பூனையைப் பற்றி நூலில் ஒன்றுமில்லை. அம்மா சொன்ன வரிசைப்படியே எழுதி, விண்ணப்பத்தில் கையெழுத்திட அவளிடம் நீட்டினேன்.